வயதான நாயை வைத்திருப்பவர்களுக்கு, கொஞ்சம் முன்கூட்டியே

நாய் எழுந்திருக்கச் சிரமப்படுகிறது. படி ஏறும் முன் ஒரு நொடி யோசிக்கிறது. கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. வீட்டில் ஆளாளுக்குச் சொல்வது ஒன்றுதான்: “வயசாயிடுச்சு, அதான்.” ஒரு பெரிய நாயின் கடைசி வருஷங்களைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட பிறகு இதை எழுதுகிறேன். அந்தச் சமாதானத்தில் கழிந்துபோகும் மாதங்களுக்குத்தான் பின்னால் வட்டியும் முதலுமாகப் பணம் போகிறது, தூக்கம் போகிறது. குற்ற உணர்ச்சி தனியாக வந்து சேர்கிறது. நாய்க்கு மூப்பு எப்படி வரும் என்று அது குட்டியாக இருக்கும்போதே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அப்படிச் சொல்ல ஆளில்லாதவர்களுக்காக, முதலிலிருந்தே வருகிறேன்.

நாயின் ஒரு வருஷம் மனிதருக்கு ஏழு வருஷம் என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். மனிதருக்கு எழுபது, நாய்க்குப் பத்து என்று வைத்து வகுத்தால் வரும் எண் அது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஒரு வயது நாய் குட்டி போட்டுவிடும். ஏழு வயதுக் குழந்தைக்குப் பால்பல்லே முழுதாக விழுந்திருக்காது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் தோராயக் கணக்கு இதைவிட உருப்படியானது. நடுத்தர அளவு நாய்க்கு முதல் வருஷம் மனிதரின் 15 வருஷம், இரண்டாவது வருஷம் இன்னொரு 9, அதன் பிறகு ஒவ்வொரு வருஷத்துக்கும் சுமார் 5. அப்படியானால் இரண்டு வயதில் 24, ஐந்து வயதில் 39, ஏழில் 49, பத்தில் 64. ஏறக்குறைய நாம் கண்ணால் பார்ப்பதோடு இது ஒத்துப்போகும்.

2020-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் வேறொரு வழியில் போனார்கள். டி.என்.ஏ.வின் மேல் வயது ஏற ஏற வேதிக் குறிகள் படிவதும் அழிவதும் ஓர் ஒழுங்கில் நடக்கின்றன. 104 லாப்ரடார் நாய்களிடம் அந்தக் குறிகளைப் பார்த்து, மனிதர்களுடையதோடு பொருத்தி ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31 கூட்ட வேண்டும். போன் கால்குலேட்டரை அறிவியல் முறைக்கு மாற்றினால் எல்.என். என்ற பொத்தான் இருக்கும், அதுதான் இயல் மடக்கை. ஒரு வயதுக்கு 31 வருகிறது, இரண்டுக்கு 42, நான்குக்கு 53, ஏழுக்கு 62, பன்னிரண்டுக்கு 71. இரண்டு வயது நாய் நாற்பது வயதுக்காரர் மாதிரி நடந்துகொள்ளும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே இனத்தை வைத்துச் செய்தது, அளந்ததும் வேதிக் குறிகளை மட்டும்தான். வீட்டில் முடிவெடுக்க இந்தச் சூத்திரம் உதவாது என்பது என் கருத்து. ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றைச் சேர்ந்து சொல்கின்றன: தொடக்கத்தில் நாய் பாய்ந்து ஓடி வளர்கிறது, பிறகு வேகம் தணிகிறது. தணிந்த பிறகும் அது நம்மைவிடப் பல மடங்கு வேகம். வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுவது என்றால், நாம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போவது போலத்தான்.

இந்தக் கணக்குகள் எதிலும் சரியாக வராத ஒன்று நாயின் உருவம். யானை எலியைவிடப் பல மடங்கு அதிகம் வாழ்கிறது; விலங்கு பெரிதானால் ஆயுள் கூடுவதுதான் பொதுவான போக்கு. நாய்க்குள் மட்டும் இது தலைகீழ். 2013-இல் 74 இனங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், உடல் எடை ஒவ்வொரு 2 கிலோ கூடும்போதும் ஆயுளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைகிறது என்று வந்தது. பெரிய நாய்களுக்கு மூப்பு தொடங்கிவிட்டால் அது ஓடும் வேகமே அதிகம். குட்டியாக இருக்கும்போது சில மாதங்களில் மலைபோல வளர வைக்கிற வளர்ச்சி ஊக்கிகளுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். ஐ.ஜி.எஃப்.-1 என்ற ஊக்கியின் மரபணுதான் சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் உள்ள உருவ வித்தியாசத்தில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது 2007-இலேயே தெரிந்துவிட்டது. ஆயுளில் சாதனை படைத்த நாய் என்று செய்தி வந்தால், அதை நம் நாயோடு ஒப்பிட்டு ஏமாறவும் வேண்டாம். 1939-இல் இறந்த ப்ளூயி என்ற ஆஸ்திரேலிய மாட்டு நாய் 29 வருஷம் 5 மாதம் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. 31 வருஷம் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட போபி என்ற போர்த்துகீசிய நாயின் பட்டத்தை, போதுமான சான்று இல்லை என்று கின்னஸ் 2024-இல் திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆகவே ‘எத்தனை வயதில் கிழநாய்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 2019-இல் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்த இனத்துக்கு, அந்த உருவத்துக்கு எதிர்பார்க்கும் ஆயுளில் கடைசிக் கால்பங்கு முதுமை. எட்டு வருஷம் வாழும் கிரேட் டேனுக்கு ஆறு வயதிலேயே முதுமை தொடங்குகிறது. பன்னிரண்டு வருஷம் வாழும் லாப்ரடாருக்கு ஒன்பது, பதினாறு வருஷம் வாழும் பொடி நாய்க்குப் பன்னிரண்டு. கலப்பின நாயென்றால் வளர்ந்த எடையை வைத்து இதே போலப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். தெருவில் எடுத்த நாய், வயதே தெரியாது என்றால் ஏழு மாதம் வரை பல்லை வைத்து நன்றாகவே சொல்லலாம். பால்பல் 28, நிலைப்பல் 42; ஏழு மாதத்துக்குள் நிலைப்பல் எல்லாம் முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல்லின் தேய்மானத்தையும் காரையையும் பார்த்து டாக்டர் சொல்வது தோராயம்தான். கல்லைக் கடிக்கிற நாய்க்கு மூன்று வயதிலேயே பல் மழுங்கிவிடும்.

குட்டிப் பருவத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம், ஏனென்றால் இதற்கான செலவு முதுமையில்தான் வரும். எலும்பின் நுனிகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் சின்ன நாய்களுக்கு ஒரு வயதுக்குள் மூடிவிடும், பெரிய நாய்களுக்கு ஒன்றரை வருஷம் வரைகூட ஆகும். அதுவரை உயரத்திலிருந்து குதிக்க விடுவதும், வண்டியோடு ஓட விடுவதும் மூட்டைக் கெடுக்கும். எலும்பு பலமாகட்டும் என்று பெரிய இனக் குட்டிக்குத் தனியாகக் கால்சியம் மருந்து ஊற்றுவது அதைவிட மோசம். கூடுதலாக வரும் கால்சியத்தை உறிஞ்சாமல் தடுக்க அந்த வயதில் அதன் உடலுக்குத் தெரியாது. எலும்பும் மூட்டும் கோணலாக வளரும்.

நடு வயதில் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே எடை மட்டும் ஏறும். நாயின் ஆயுளைக் கூட்டுவதற்கு நம் கையில் இருக்கும் மிக மலிவான வழி, தட்டில் குறைவாகப் போடுவது. 2002-இல் வெளியான ஒரு நீண்ட ஆய்வில் 48 லாப்ரடார்களை, ஒரே ஈற்றில் பிறந்தவையாக ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு வழக்கமான அளவும் மற்றதற்கு அதைவிட 25 சதவீதம் குறைவாகவும் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை நடு அளவாக 13 வருஷம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருஷம். மூட்டு நோயும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எந்த மாத்திரையும் இந்த அளவுக்குச் செய்ததாகக் காட்டியதில்லை.

எடை சரியா என்று பார்க்கத் தராசு மட்டும் போதாது. உங்கள் கையை மேசையில் விரித்து வைத்து, மறு கை விரல்களால் புறங்கையைத் தடவுங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரி. கையை மூடிக்கொண்டு முட்டிகளைத் தொட்டாற்போல் எலும்பு துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தொட்டாற்போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேலே ஏற வேண்டும். அளவாகப் போட ஒரு கணக்கும் உண்டு. ஓய்வில் இருக்கும் உடலுக்கு வேண்டிய கலோரி கண்டுபிடிக்க, எடையை மூன்று முறை தன்னோடு தானே பெருக்கி, விடைக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்குங்கள். 20 கிலோ நாய்க்கு 20 × 20 × 20, அதாவது 8000, பிறகு 89.4, பிறகு 9.46, கடைசியில் சுமார் 660. கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு இதைப்போல் 1.6 மடங்கு, அதாவது சுமார் 1060 கலோரி. வயதானால் இன்னும் கொஞ்சம் குறையும். எடை குறைக்க வேண்டியதென்றால், இருக்க வேண்டிய எடைக்குக் கணக்குப் போட்டு, மடங்கு எதுவும் சேர்க்காமல் தொடங்குவார்கள். தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கலோரியைக் குறைக்கிறேன் என்று புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரக நோய் இல்லாத கிழநாய்க்குப் புரதம் நன்றாகவே வேண்டும், ஏனென்றால் தொடையிலும் முதுகிலும் மண்டையின் இரு பக்கத்திலும் சதை கரையத் தொடங்கியிருக்கும். எடை அப்படியே இருக்க, சதை போய் அந்த இடத்தில் கொழுப்பு வந்திருக்கும். தராசு இதைக் காட்டாது, கைதான் காட்டும்.

முதல் அதிர்ச்சி பெரும்பாலும் கண்ணில் வரும். ஏழெட்டு வயதில் கண்மணிக்குள் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பலர் கண்புரை என்று பதறி, சொட்டு மருந்துகளை வாங்கிக் குவிக்கிறார்கள். பெரும்பாலும் அது கண்வில்லையின் நடுப்பகுதி வயதால் இறுகி அடர்த்தியாவதுதான். பார்வையை அவ்வளவாகப் பாதிக்காது, மருந்தும் தேவையில்லை. இருட்டில் டார்ச் அடித்தால் வித்தியாசம் ஓரளவு தெரியும். வயது மூட்டமென்றால் வெளிச்சம் உள்ளே போய்க் கண்ணின் பின்சுவரில் பட்டுப் பச்சையாகவோ மஞ்சளாகவோ திரும்பி மின்னும். முற்றிய கண்புரை என்றால் வெள்ளையாக மறித்துவிடும். உறுதி செய்ய வேண்டியது டாக்டர். வெள்ளை திடீரென்று சில வாரங்களில் வந்தால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். கண் சிவந்து, நாய் கண்ணை மூடிக்கொண்டு வலிக்கிற மாதிரி இருந்தால் அன்றே போங்கள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். காது மெல்லப் போகும், அதனால் நாய் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று கோபம் வரும். நன்றாகக் கேட்கும் வயதிலேயே வா, உட்கார், நில் மூன்றுக்கும் கைச் சைகை பழக்கி வைத்தால், பின்னால் அது அவ்வளவு உபயோகமாக இருக்கும்.

அடுத்து மூட்டு. இதை அருகில் உட்கார்ந்து பாருங்கள். வலியில்லாத நாய் தூங்கி எழும்போது உடம்பை முன்னும் பின்னும் நீட்டி முறித்துவிட்டு ஒரே வீச்சில் நிற்கும். மூட்டு வலி உள்ளது முன்னங்கால்களை ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பாரத்தை முன்னால் சாய்த்து, பின்பாதியை இழுத்து நிமிர்த்தும். நின்ற பிறகு நாலைந்து அடி குச்சி குச்சியாக நடக்கும், அப்புறம் சரியாகிவிடும். அந்த ‘சரியாகிவிடும்’தான் நம்மை ஏமாற்றுவது. பின்னங்கால் நகங்களின் மேல்பக்கம் தரையில் உரசித் தேய்ந்திருந்தால், அது காலைத் தூக்காமல் இழுக்கிறது. அது மூட்டாகவும் இருக்கலாம், முதுகுத்தண்டின் நரம்பாகவும் இருக்கலாம். கத்தவில்லையே, வலி இருக்காது என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட வலிக்கு நாய் கத்தாது; விளையாட்டைக் குறைக்கும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், இடுப்பைத் தொட்டால் முறைக்கும். மருத்துவமனைக்குப் போனால் பயத்தில் எல்லா நாயும் நன்றாக நடக்கும். அதனால் காலையில் எழுவதையும் படி ஏறுவதையும் வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பணம் வீணாகும் இடம் இதுதான். மூட்டுக்கான சத்துப் பொடி, எண்ணெய், பட்டை என்று ஒன்று மாற்றி ஒன்று வாங்கி மாதங்கள் ஓடும். மீன் எண்ணெய்க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, மற்ற பலதுக்கு மிகக் குறைவு. எதுவானாலும் எடைக் குறைப்பும் முறையான வலி மருந்தும் செய்வதில் பாதிகூடச் செய்யாது. நாய்களுக்கென்றே உள்ள கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் வகை மருந்துகள் பல நாய்களுக்கு நடையையே திருப்பிக் கொடுக்கும். தொடங்கும் முன் ஈரல், சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, தொடர்ந்து கொடுத்தால் இடையிடையே மறுபடியும். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஸ்டீராய்டோடு சேர்த்து ஒருபோதும் கூடாது. வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் குடல் புண்ணாகி, சிறுநீரகமும் போகும். பாராசிட்டமாலும் நம் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடியதில்லை. மருந்துக்கு முன்பே வீட்டில் செய்யக்கூடியவை: வழுக்கும் தரையில் நாய் நடக்கும் பாதை முழுக்க ரப்பர் அடிப்பாய், நகத்தை அடிக்கடி வெட்டுவது, ஒரே நீண்ட நடைக்குப் பதில் சின்னச் சின்னதாய் மூன்று நடை. நகம் நீண்டால் பாதம் பின்னால் சாய்ந்து முழு முதுகின் பாரமும் மாறிவிடும்.

தண்ணீரை அளப்பதைப் பலர் செய்வதில்லை, ஆனால் இத்தனை நோய்களை இவ்வளவு சீக்கிரம் காட்டும் வேறு வீட்டுச் சோதனை கிடையாது. காலையில் அளந்து ஊற்றுங்கள், நடுவில் ஊற்றியதையும் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழித்து, நாயின் எடையால் வகுங்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லியைத் தாண்டினால் அதிகம். ஈர உணவு தின்னும் நாய்க்கு இதைவிடக் குறைவிலேயே சந்தேகப்பட வேண்டும். சிறுநீரக நோய், சர்க்கரை, குஷிங் என்ற அட்ரீனல் சுரப்பி நோய், கருப்பைச் சீழ் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வரும். வீட்டுக்குள் சிறுநீர் போகிறதே என்று தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள், சிறுநீரகம் பலவீனமான நாய் ஒரே நாளில் சாய்ந்துவிடும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தச் சோதனை அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். கூடவே காலை முதல் சிறுநீரை ஒரு கரண்டியில் பிடித்துச் சுத்தமான குப்பியில் கொண்டுபோனால் அதன் அடர்த்தியைப் பார்ப்பார்கள். ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

பெட்டை நாய்க்கு மாதவிடாய் நிற்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. மனிதரோடு ஒப்பிட்டு, வயதாகிவிட்டது இனிக் கருத்தடை எதற்கு என்று விடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்தடை செய்யாத பெட்டைக்கு ஒவ்வொரு பருவமும் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் சோர்வு, நிறையத் தண்ணீர், வாந்தி வந்தால் அது அவசரம். பிறப்புறுப்பில் சீழ் வடியாமலும் இருக்கலாம். வடியாததுதான் அதிக ஆபத்து. கடுவனுக்குப் புரோஸ்டேட் சுரப்பி வீங்கும், மலம் கழிக்க முக்கும். அதுவும் கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும்.

நெஞ்சுக்கும் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்றாக எண்ணி, அரை நிமிடம் பார்த்து இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். சில நாள் தொடர்ந்து தாண்டினால் போன் செய்யுங்கள். சின்ன இனங்களுக்கு இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துக் கசிவது மிகவும் சாதாரணம். இதயம் பெரிதாகிவிட்ட, ஆனால் இன்னும் மூச்சு வாங்காத நாய்களுக்குப் பிமோபென்டான் என்ற மருந்து கொடுத்தால் இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016-இல் வந்த ஆய்வு காட்டியது. இருமல் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த 15 மாதமும் கைவிட்டுப் போகும். பெரிய நாய்களில், லாப்ரடாரில் குறிப்பாக, குரைப்பு கரகரத்துப் போனால் குரல்வளை சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம் இருக்கலாம். அந்த நாயை வெயிலில் நடக்கக் கூட்டிப்போகாதீர்கள், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள்.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனிதரை உடைத்துப் போடுவது அதுதான். நடு இரவில் எழுந்து வீட்டைச் சுற்றும், சுவரைப் பார்த்து நிற்கும், கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கக் காத்திருக்கும், காரணமில்லாமல் ஊளையிடும். பகலெல்லாம் தூங்கும். பழகிய இடத்தை விட்டு வீட்டுக்குள்ளேயே சிறுநீரும் மலமும் போகும். நாய்க்கு வரும் மறதி நோய் இது. 2001-இல் வந்த ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் குறைந்தது ஒரு வகை அறிகுறியாவது இருந்தது. தூக்கமில்லாமல் வாரங்கள் போகும்போது அதன் மேல் வருகிற எரிச்சல் சாதாரணமானதில்லை. கத்திவிட்டுப் பிறகு அதைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் நிறைய. அதை வெளியே சொல்வதற்குத்தான் வெட்கம். மறதி என்று முடிவு கட்டும் முன், மூட்டு வலி, சிறுநீர்த் தொற்று, கண், காது, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் நடப்பதற்கு வலி மட்டுமே காரணமாக இருக்கும் நாய்கள் உண்டு. மறதிதான் என்றால் செலெஜிலின் என்ற மருந்து இருக்கிறது, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த உணவும் சில நாய்களுக்குக் கேட்கிறது. வீட்டில் மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள், இரவில் சின்ன விளக்கு எரியட்டும், மாலையில் மோப்பம் பிடிக்க விட்டு மெதுவாக நடத்துங்கள், படுக்கும் முன் ஒரு முறை வெளியே கூட்டிப்போங்கள்.

ஒரு நாள் காலை திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் படபடவென்று பக்கவாட்டில் ஆட, நாய் சுருண்டு விழலாம். வாந்தி எடுக்கும். பார்க்கிறவர்கள் பக்கவாதம், முடிந்தது என்பார்கள். கருணைக் கொலை வரை பேச்சுப் போய்விடும். அவசரப்படாதீர்கள். கிழநாய்களுக்கு உள்காதின் சமநிலை உறுப்பு காரணம் தெரியாமல் தடுமாறுவது இப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான நாய்கள் எழுந்துவிடும். தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் மிஞ்சலாம். காது நோயா, மூளையில் வேறு ஏதாவதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். அதுவரை தரையில் மெத்தை விரித்து, பக்கத்தில் அணை கொடுத்து, தண்ணீரைக் கையால் காட்டுங்கள்.

கட்டிகளைத் தடவிப் பார்த்தே நல்லது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டாணி அளவுக்கு மேல், ஒரு மாதமாக இருக்கிறதா, ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து கொடுப்பதற்கு வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதும் உண்டு. பார்க்க வேண்டியது வயதை இல்லை, இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்பதை. வாய் நாற்றத்தோடு அழுகும் ஈறு தினமும் வலிக்கும்.

முன்பு காலண்டரில் குறிக்கச் சொன்ன தேதி வந்ததும் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றுங்கள். முழு ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், எடை. நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை எடுத்து வைப்பது ரொம்ப முக்கியம். கிரியேட்டினின் அளவு சரியான வரம்புக்குள்ளேயே இருக்கும், ஆனால் போன வருஷத்தைவிட ஒன்றரை மடங்கு ஏறியிருக்கும். பழைய தாள் கையில் இருந்தால்தான் அது தெரியும். எல்லா அறிக்கையையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். டாக்டர் மாறும்போது அதே சோதனைகளுக்கு மறுபடி பணம் கட்டுவதும் மிச்சமாகும். எடை, தண்ணீர், தூக்க மூச்சு இந்த மூன்றையும் மாதம் ஒரு நாள் அதன் உள்ளட்டையில் எழுதுங்கள்.

கடைசிக் கட்டத்துக்கு ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004-இல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை, 10 என்றால் நன்றாக இருக்கிறது. மூச்சுத் திணறலையும் வலியோடு சேர்த்தே எண்ண வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது அதன் கணக்கு. ஒரே நாளின் எண்ணை நம்பாதீர்கள், வாரம் இரண்டு முறை போட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வீட்டில் இருவர் இருந்தால் தனித்தனியாகப் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள், ஏனென்றால் தினமும் கூடவே இருப்பவருக்குச் சரிவு தெரியாது. எந்த எண்ணில் என்ன செய்வது என்பதை நாய் இன்னும் வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டரிடம் பேசி எழுதி வைத்துவிடுங்கள். இரவில் நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது, வீட்டுக்கு வருவார்களா, கிழநாயைத் தூக்கி வண்டியில் ஏற்ற யார் உதவுவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தனியாக இருப்பவரால் முப்பது கிலோ நாயைப் படியில் தூக்கி இறக்க முடியாது. தடித்த போர்வையின் இரு முனையைப் பிடித்துத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.